ஸ்டீரியோடைப்: தமிழில் 'அச்சுவார்ப்பு'

தொலைக்காட்சிக் குற்றத்தொடரில் எங்கள் ராமநாதபுரம் கடற்கரை வந்துவிட்டால், அடுத்த காட்சியைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். இருட்டில் ஒரு வள்ளம் கரை தட்டும். கைலி கட்டிய ஆள் மூட்டையை இறக்குவான். அவனுக்குப் பேர் இருக்காது, வசனமும் இருக்காது. இதைத்தான் ஸ்டீரியோடைப் என்கிறோம்.

சொல் பிறந்தது அச்சகத்தில். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது, 'டைப்போஸ்' என்றால் பதிவு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மேன் தீதோ ஒரு வார்ப்பு முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். எழுத்து கோத்த பக்கத்துக்குக் குழியச்சு எடுத்து, அதில் ஈயக்கலவையை உருக்கி ஊற்றி, முழுப் பக்கத்தையும் ஒரே தகடாக வார்ப்பார்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஊற்றும்போது தண்ணீராக ஓடுகிற ஈயம், ஆறியதும் குழியின் வடிவத்திலேயே நின்றுவிடும். கோத்த எழுத்தில் பிழை வந்தால் ஒன்றை உருவி வேறொன்றைச் செருகலாம். வார்த்த தகட்டில் அது நடக்காது, ஆயிரம் பிரதியிலும் அதே பிழைதான் விழும். சொல்லிச் சொல்லித் தேய்ந்த தொடரைக் குறிக்கும் 'கிளிஷே'யும் இதே அச்சகத்திலிருந்து வந்த சொல்தான்.

1922இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மேன், மனிதர்களைப் பற்றி நம் மனதில் உறைந்துபோன படங்களுக்கு இந்தச் சொல்லை எடுத்தாண்டார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஒரேமாதிரி' என்பதில் அந்த இறுக்கம் இல்லை. 'முன்முடிவு' பார்ப்பவர் மனதில் இருப்பது. 'வார்ப்புரு'வைக் கணினிக்காரர்கள் டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு 'அச்சுவார்ப்பு'தான் பொருத்தமாகப் படுகிறது. 'மீனவரை அச்சில் வார்த்துவிட்டார்கள்' என்று வினையாகவும் சொல்லலாம். இந்தப் பேச்சில் கூடவே வரும் இன்னொரு சொல் ரெப்ரசென்டேஷன்; அதற்குச் சட்டமன்றத்தில் 'பிரதிநிதித்துவம்' சரி, கதையில் 'சித்தரிப்பு' போதும்.

கடத்தலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. கடலடியில் கிடக்கும் கடல் அட்டை என்ற உயிரினத்தைக் கடத்தும் வழக்குகள் வரத்தான் செய்கின்றன. ஆனால் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேர்க்கப்படும்வரை, அட்டைக்கு முங்குவது இங்கே பலருக்குத் தொழில். தொழிலாளி ஒரே ஆணையில் குற்றவாளியான கதை எவ்வளவு கனமானது! அதை எந்தத் தொடரிலும் நான் பார்க்கவில்லை. பாம்பன் பக்கம் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, கடல்பாசி எடுக்க முங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருத்தி சாட்சி சொல்ல வந்துகூட நான் பார்த்ததில்லை.