கபச்சுரப்பி: கபமும் இல்லை, பாதி சுரப்பியும் இல்லை

மூளையின் அடியில் இருக்கும் சிறு சுரப்பிக்குப் பிட்யூட்டரி என்று பெயர். அச்சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள 'பிட்யூட்டா'. பொருள், சளி. மூளையில் ஊறும் சளி இதன் வழியாகத்தான் மூக்குக்கு வடிகிறது என்று பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலம்தொட்டு நம்பினார்கள். 1543இல் உடற்கூற்று நூல் வெளியிட்ட வெசாலியசும் அதையே ஏற்றார். நம்பிக்கை பொய்த்துப்போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழில் சொல் ஆக்கியவர்கள் வேரைப் பார்த்து 'கபச்சுரப்பி' என்றார்கள். மொழிபெயர்ப்பில் பழுதில்லை, ஆனால் பிழையும் கூடவே வந்துவிட்டது. வாதம், பித்தம், கபம் என்று கேட்டுப் பழகியவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். 'மூளையடிச் சுரப்பி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இருக்கும் இடத்தைச் சொல்கிறது, இல்லாத வேலையைச் சுமத்தவில்லை.

'சுரப்பி'யிலும் ஒரு சிக்கல் உண்டு. சுரத்தல் என்றால் உள்ளிருந்து ஊறி வருதல்: மடியில் பால் சுரக்கும், ஊற்றில் நீர் சுரக்கும். மூளையடிச் சுரப்பிக்கு முன்மடல், பின்மடல் என இரண்டு பகுதிகள். முன்மடலுக்கு இது பொருந்தும். தன் ஹார்மோன்களைத் தானே ஆக்குகிறது. பின்மடல் எதையும் ஆக்குவதில்லை. கருவில் முன்மடல் வாயின் மேற்கூரையிலிருந்து வளர்கிறது, பின்மடலோ மூளையின் அடியிலிருந்து இறங்கிவந்த நரம்புத் திசு. இரண்டும் ஒட்டியிருப்பதால் ஒரே பெயர் கிடைத்தது.

பின்மடல் வெளிவிடும் வாசோப்ரெசின், ஆக்சிடோசின் என்ற இரு ஹார்மோன்களும் மேலே ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியின் நரம்புச் செல்களில் உருவாகின்றன. நுண்பைகளில் அடைபட்டு, அதே செல்களின் நீண்ட இழைகள் வழியே பின்மடலுக்கு இறங்கி, இழை முனைகளில் காத்திருக்கின்றன. மேலிருந்து மின்துடிப்பு வந்ததும் முனைக்குள் கால்சியம் நுழைகிறது, பைகள் திறந்து ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. ஆகவே 'பின்மடல் சுரக்கிறது' என்று எழுதாமல் 'விடுவிக்கிறது' என்று எழுதலாம். 1949இல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் பார்க்மன் திசுவுக்குச் சாயமேற்றி இந்தப் பாதையைக் காட்டும் வரை, பின்மடலே ஆக்குகிறது என்ற எண்ணம்தான் பரவலாக இருந்தது.

ஆக்சிடோசின், கிரேக்கத்தில் 'விரைந்த பிறப்பு'. பெயருக்கேற்ற வேலை: கருப்பை சுருங்கச் சுருங்க மேலும் வெளிவருகிறது, குழந்தை பிறந்தபின்தான் அந்தச் சுழற்சி அறுகிறது. பால் குடிக்கும் குழந்தையின் வாய் பட்டாலும் வரும். வாசோப்ரெசின் என்றால் 'குழாயை அழுத்துவது'. மூளையடிச் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை ஏற்றுவதை 1895இல் கண்டதன் தடம் அது. ஆனால் அன்றாடம் அது பார்ப்பது தண்ணீர்க் கணக்கு. இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடினாலே ஹைப்போதலாமஸ் உணர்ந்துவிடும். ஹார்மோன் சிறுநீரகத்துக்குப் போய் நீரை மீட்கச் செய்கிறது. செறிவு தணிந்ததும் வரத்து குறைகிறது. 'சிறுநீர்ப்பெருக்குத் தடுப்பு ஹார்மோன்' என்பது நீளமானாலும் உண்மைக்கு நெருக்கமான பெயர்.

இந்த ஹார்மோன் குறைந்தால் நாளுக்குப் பல லிட்டர் சிறுநீர் போகும். அந்த நோய்க்கு 'டயாபெட்டிஸ் இன்சிபிடஸ்' என்று பெயர். 'இன்சிபிடஸ்' என்றால் சுவையற்றது. சர்க்கரை நோயோடு குழம்புகிறது என்பதால், 2022இல் அதை 'வாசோப்ரெசின் குறைபாடு' என்று மாற்றப் பரிந்துரைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை நோய்க்கு நாம் வைத்திருக்கும் 'நீரிழிவு' (நீர் இழிதல், அதாவது வடிதல்) என்ற சொல் இந்த நோய்க்குத்தான் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.