பெயர் மோதல்

சி ஷார்ப் நிரல்மொழியில் மாணவர் மதிப்பெண்களை வைத்திருக்கும் ஒரு கிளாஸில் (தரவின் வார்ப்பில்) ‘பிசிக்ஸ்’, ‘மேத்’ என்று இரண்டு பண்புகள். நிரல் ஓடும்போதே டைனமிக் லிங்க் வழியாக எழுத்துச் சரமாக ‘பிசிக்ஸ் > 50’ என்று வினவினால் விடை வருகிறது. ‘மேத் > 50’ என்றால் பிழை. இதைத்தான் நிரலர்கள் ‘நேம் கான்ஃப்ளிக்ட்’ என்கிறார்கள்.

2007இல் சி ஷார்ப் 3.0உடன், நிரலுக்குள்ளேயே தரவை வினவும் லிங்க் என்ற வசதி வந்தது. அதையொட்டி மைக்ரோசாஃப்ட் ஒரு மாதிரி நிரலாகத் தந்ததுதான் டைனமிக் லிங்க். அதன் பாகுபடுத்தி (சரத்தைப் பிரித்துப் பொருள்கொள்ளும் பகுதி) ஒரு பெயரைக் கண்டதும் முதலில் தன் சொந்தப் பட்டியலைப் பார்க்கும். மேத், டேட்டைம், குவிட், ஸ்ட்ரிங் போன்ற, முன்பே வரையறுக்கப்பட்ட வகைகள் (டைப்) அதில் இருக்கின்றன. அங்கே இல்லாவிட்டால்தான் நம் பண்புகளைத் தேடும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டையும் அது பார்ப்பதில்லை. ஆக, நம் ‘மேத்’ வகையாகிவிடுகிறது. வகைக்குப் பின் புள்ளியோ அடைப்புக்குறியோ வரவேண்டும். ‘>’ வந்ததும் நின்றுவிடுகிறது.

‘கான்ஃப்ளிக்ட்’ லத்தீன் வழிச் சொல். ஒன்றோடொன்று அடித்துக்கொள்வது என்பது வேர்ப்பொருள். எனவே ‘மோதல்’ சரியாகப் பொருந்துகிறது. ‘பெயர் முரண்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. முரண்பட இரண்டு பெயர்கள் வேண்டும்; இங்கே இருப்பது ஒரே பெயர்.

மோதலுக்குக் காரணமான நிலைக்கும் தமிழில் பெயர் உண்டு. தொல்காப்பியம் ‘பலபொருள் ஒருசொல்’லை இரண்டாகப் பிரிக்கிறது. ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. வினையே பொருளைக் காட்டிவிடுகிறது. இது வினை வேறுபடும் வகை. சி ஷார்ப் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இப்படித்தான் நடந்துகொள்கிறது: ‘கலர்’ என்ற வகையைச் சேர்ந்த ஒரு பண்புக்கும் ‘கலர்’ என்றே பெயர் இருந்தாலும், பின்னால் வருவதைப் பார்த்து எது என்று முடிவு செய்யும்.

‘மா வீழ்ந்தது’ என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். இது வினை வேறுபடாத வகை. இதை வெளிப்படையாகக் கிளந்து சொல்லவேண்டும் என்கிறது இலக்கணம். ‘மாமரம் வீழ்ந்தது’ என்கிறோம் அல்லவா, அதுபோல. டைனமிக் லிங்க்கில் பின்னால் வரும் ‘>’ தெளிவாகவே இருந்தாலும் பாகுபடுத்தி அதை வைத்து முடிவை மாற்றுவதில்லை. அதனால் அங்கேயும் கிளந்து சொல்வதே வழி: ‘இட்.மேத் > 50’. ‘இட்’ என்பது கையிலிருக்கும் பதிவு. அதன் பண்பு என்று சொன்னபின் வகைப் பட்டியலுக்கு வேலையில்லை.

பிழையைப் ‘பெயர் மோதல்’ என்றும், அதற்கு இடம் தரும் நிலையைப் ‘பலபொருள் ஒருபெயர்’ என்றும் எழுதலாம்.