நாவலுக்கு எதற்கு இழுவை?

போன மாதம் ஒரு நாவல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். அழைப்பிதழில் வாழ்த்துரைக்கும் ஏற்புரைக்கும் நடுவே ஒரு வரி: ‘நூல் இழுவை திரையிடல்’. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். தொகுப்பாளர் மேடையேறி அதையே இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். அப்புறம் விளக்கை அணைத்தார்கள். மழைச் சத்தம், ஒரு சாய்வு நாற்காலி, அதன் கைப்பிடியில் தாளம் போடும் வயதான விரல்கள், கொஞ்சம் புல்லாங்குழல், கறுப்புத் திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழும் நாவலின் பெயர். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நன்றாகவே இருந்தது. அதற்கு வைத்த பெயரைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்தச் சொல்லை இதற்கு முன்பே இரண்டு மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில், மெய்ப்புப் பார்க்கையில், அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

புத்தகத்துக்கான விளம்பரக் குறும்படத்தைக் குறிக்கும் ‘புக் டிரெய்லர்’ என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். ‘டிரெய்ல்’ என்றால் பின்னால் இழுபட்டு வருவது, தொடர்ந்து வருவது. 1913-இல் அமெரிக்காவில் மார்கஸ் லோ திரையரங்குகளின் விளம்பர மேலாளர் நில்ஸ் கிரான்லண்ட், வரவிருந்த ஒரு மேடை இசை நாடகத்துக்காகச் சின்ன விளம்பரப் படம் ஒன்றைத் தயாரித்தார். அந்தக் காலத்தில் இந்த மாதிரித் துண்டுகளைப் படம் முடிந்த பிறகு வாலாக ஓட்டினார்கள். அதனால் அந்தப் பெயர். பிற்பாடு படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். இடம் மாறிற்று, பெயர் மாறவில்லை. புத்தகத்துக்கு இது வந்தது வெகு பிந்தி. ‘புக் டிரெய்லர்’ என்ற தொடரை 2002-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் வணிகக் குறியாகவே பதிவு செய்துகொண்டது. 2005-இல் யூடியூப் வந்ததும் பதிப்பகங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. 2009-இல் அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சன் தன் நாவல் ஒன்றின் டிரெய்லருக்குத் தானே குரல் கொடுத்தார். புகைப்படத்துக்கே முகம் காட்டாத மனிதர்!

சரி, இழுவைக்கு வருவோம்.

தமிழில் ஒரு கதையை இழுவை என்றால் என்ன பொருள்? ‘இரண்டாம் பாதி இழுவை’ என்று எழுதாத சினிமா விமர்சகர் உண்டா? ‘அந்த சீரியலா, ஒரே இழுவை’ என்று சொல்லாத வீடு உண்டா? நானூறு பக்க நாவலை விற்க வந்தவர், வாசலிலேயே இது இழுவை என்று பலகை மாட்டினால் யார் வாங்குவார்? எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, “படிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களே” என்றார். நாவலாசிரியர் முன்வரிசையில்தான் இருந்தார், பாவம்.

நையாண்டியை விடுங்கள், பொருளும் பொருந்தவில்லை. இராமேசுவரத்தில் இழுவைப் படகு என்றால் வலையை இழுத்துச் செல்லும் படகு. பாக் நீரிணைக்கு அந்தக் கரையிலும் இழுவை மடி என்பது கடலடியை வாரிக்கொண்டு வரும் வலை. இழுவை வண்டி என்றால் டிராக்டர். ஆக, இழுப்பதைச் சொல்லத்தான் இந்தச் சொல் பெரும்பாலும் உழைக்கிறது. ஆங்கிலத்து ‘டிரெய்லர்’ இழுப்பது அல்ல, இழுபடுவது. டிராக்டர் அல்ல, அதன் பின்னால் மாட்டிய பெட்டி. வேர்ச்சொல்லுக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று கிளம்பியவர் வேரையும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் பயன் இல்லை. இன்றைக்கு டிரெய்லர் எதன் பின்னாலும் வருவதில்லை. ஆங்கிலத்திலேயே அது பொருள் இழந்த பழம்பெயர். அவர்கள் பழக்கத்தால் சுமக்கிற மூட்டையை நாம் ஏன் கூலி இல்லாமல் தூக்க வேண்டும்?

இதைவிடத் தரமான ஒரு போட்டிச் சொல்லைத் தமிழாசிரிய நண்பர் ஒருவர் முன்வைத்தார்: ‘காட்சி அணிந்துரை’. கேட்க அழகாக இருக்கிறது. பாயிரத்துக்கு, அதாவது நூலின் முன்னுரைக்கு, நன்னூல் அடுக்குகிற பெயர்களில் முகவுரை, பதிகம், அணிந்துரை, நூன்முகம், புறவுரை எல்லாம் உண்டு; மரபு கையில் இருக்கிறதே என்பது அவர் வாதம். (எனக்குப் புறவுரை மேல் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. ஒப்புக்கொள்கிறேன்.) ஆனால் அணிந்துரை இன்னொருவர் வாயால் வருவது. எத்தனை துறை கண்டவனும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்று அதே நன்னூல்தான் சொல்கிறது. டிரெய்லரோ பதிப்பகம் தன் காசில் தன் சரக்கைத் தானே புகழ்வது. தன் ஆற்றல் அறியாதார் நடுவே புலவன் தன்னைப் புகழலாம் என்று நன்னூலார் விதிவிலக்குத் தருகிறார், உண்மை. அதைக் காட்டி டிரெய்லருக்கு அனுமதிச் சீட்டு வாங்கலாம், அணிந்துரை என்ற பெயரை வாங்க முடியாது. மேலும், அணிந்துரை நூலோடு தைக்கப்பட்டிருக்கும். இது நூல் கைக்கு வருமுன் கைபேசிக்கு வந்துவிடும்.

என் சொல் புதிதல்ல: முன்னோட்டம். சினிமாக்காரர்கள் பல ஆண்டுகளாகப் புழங்கிப் பழக்கிய சொல். முன்னால் வருகிறது, ஓடுகிறது. இரண்டும் அதிலேயே இருக்கிறது. வெள்ளோட்டத்தோடு குழம்பாதா என்று கேட்கிறார்கள். குழம்பாது. புதுத் தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம், அது சோதனை. முன்னோட்டம் ருசி காட்டுவது. ஒரே ஒரு சிக்கலை ஏற்கிறேன்: ‘நாவல் முன்னோட்டம்’ என்று மட்டும் எழுதினால், பதிப்பகம் முன்கூட்டி வெளியிடும் மாதிரி அத்தியாயம் என்றும் நினைக்கலாம். அங்கே ‘முன்னோட்டப் படம்’ என்றோ ‘முன்னோட்டக் காணொளி’ என்றோ எழுதிவிட்டால் போயிற்று. (காணொளியா காணொலியா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், அதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.)

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம், ஆங்கில அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள் என்பது. தெருவில் ஏற்கெனவே ஒரு சொல் நடமாடுகிறதா என்று தலையை வெளியே நீட்டிப் பார்ப்பதில்லை. எதிலும் ஆங்கிலம் கலக்கக் கூடாது என்கிற கட்சி நான். ஆனால் ‘இழுவை’தான் கிடைக்கும் என்றால் ‘டிரெய்லர்’ என்றே எழுதிவிட்டுப் போங்கள், படிப்பவருக்குப் புரியவாவது செய்யும்.

அன்றைக்கு அரங்கின் பின்னால் மடிக்கணினியோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ‘இப்போது நூல் இழுவை’ என்று மேடையிலிருந்து அறிவித்ததும் அவன் அசையவில்லை. தொகுப்பாளர் இன்னொரு தடவை சொன்னார். அவன் எழுந்து நின்று கேட்டான்: “டிரெய்லரா சார்? போடவா?”