கூடைக்குள் ஒரு மொட்டை மாடி

கடைக்கு ஏர் ஃப்ரையர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது, அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கைத்தான். 4 லிட்டர் இரண்டு பேருக்கு, 6.5 லிட்டர் ஐந்து பேருக்கு என்று விற்பனையாளரும் குக்கர் விற்கிற பழக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எங்கள் வீட்டுக்கு 6.5 லிட்டர் கருவி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தக் கணக்கை நம்பி, ஒரு கிலோ உருளைக்கிழங்கை விரல் பருமனில் வெட்டி, கூடையின் விளிம்பு வரை கொட்டி, 200 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். மேல் வரிசை ஓரங்களில் கருகியிருந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் வெறும் அவித்த கிழங்கு. கருவியில் பழுது எதுவும் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது என்பது புரியாமல் லிட்டரை நம்பியது என் தவறு.

ஏர் ஃப்ரையர் என்ற பெயரே சற்றுத் திசைதிருப்புவதாக இருக்கிறது. தமிழில் பொரிப்பது வேறு, வறுப்பது வேறு, சுடுவது வேறு, வாட்டுவது வேறு. இந்தக் கருவி செய்வது கடைசி இரண்டுக்கும் இடைப்பட்ட வேலை. மூடிய சிறிய அறையின் உச்சியில் மின்சாரத்தில் சூடாகும் ஒரு சுருள், அதற்கு மேலே வேகமாகச் சுழலும் விசிறி, கீழே துளையிட்ட கூடை, இவ்வளவுதான் உள்ளே இருக்கிறது. விசிறி தள்ளுகிற சூடான காற்று உணவின் இடுக்குகள் வழியே இறங்கி, அடித்தட்டின் மேடுபள்ளங்களில் மோதி மேலெழுந்து, மறுபடியும் சுருளிடமே வந்து சேர்கிறது. விசிறி வைத்த ஓவன் புதியதும் அல்ல. விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்குவதற்காக அமெரிக்காவில் வில்லியம் மேக்சன் 1945-இலேயே அப்படி ஒன்றைச் செய்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் அந்த ஏற்பாட்டைச் சமையல் மேடையில் வைக்கும் அளவுக்குச் சுருக்கினார். பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் பொருட்காட்சியில் அதை ஏர் ஃப்ரையர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது.

எண்ணெய் இல்லாமல் பொரிப்பது நமக்கும் பழைய சங்கதிதான். பொரிகடலை வறுக்கிற இடத்தில் இரும்புச் சட்டியில் கொதிக்கும் மணல் ஒவ்வொரு கடலையையும் எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொண்டு சூட்டைக் கொடுக்கிறது. எண்ணெயும் அதையே செய்கிறது. காற்றும் அதைச் செய்ய முயல்கிறது, ஆனால் அதன் கையிருப்பு மிகக் குறைவு. 180 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு டிகிரி குளிரும்போது விட்டுக்கொடுக்கும் வெப்பத்தை, அதே சூட்டில் இருக்கும் காற்றிலிருந்து பெற வேண்டுமானால் 2,000 லிட்டருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். சூடான ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுக்க முடிகிறது, எண்ணெய்ச் சட்டிக்குள் முடியாது என்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் இந்தக் கருவிக்குப் பிழைப்பு. உணவைத் தொட்டுக் குளிர்ந்த காற்று உடனே விலகி, சூடான காற்று அந்த இடத்துக்கு வர வேண்டும். அந்தப் போக்குவரத்து எங்கே தடைபடுகிறதோ அங்கே சமையலும் நின்றுவிடுகிறது.

மொறுமொறுப்பு என்பது பெரும்பாலும் நீர் வெளியேறிய கதை. உணவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை, சுற்றியுள்ள காற்று 200 டிகிரியில் இருந்தாலும், அந்தப் பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வருகிற வெப்பம் முழுவதையும் நீர் ஆவியாக மாறுவதற்கே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கிற அதே விதிதான் இங்கே நமக்கு இடைஞ்சலாக வந்து நிற்கிறது. மேல்தோல் உலர்ந்த பிறகே சூடு ஏறுகிறது. ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல், புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறத்தையும் மணத்தையும் விரைவாக உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-இல் விவரித்த வினை இது. பொரித்த வடைக்கும் தோசைக்கும் நிறம் தருவதும் இதுவே.

இதை அரைக் கிலோ உருளைக்கிழங்கில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் ஏறத்தாழ 400 கிராம் நீர் இருக்கிறது. நல்ல வறுவலாக வர வேண்டுமானால் அதில் பாதியாவது, அதாவது 200 கிராம், போக வேண்டும். கிழங்கை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 125 கிலோஜூல், 200 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 450 கிலோஜூல். 1,500 வாட் கருவி நிமிடத்துக்கு 90 கிலோஜூல் தருகிறது. அவ்வளவும் கிழங்குக்கே போய்ச் சேர்ந்தால் ஆறரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நடைமுறையில் 18 முதல் 20 நிமிடம் ஆகிறது, ஏனென்றால் வெப்பத்தில் பெரும்பகுதி கருவியின் உடலைச் சூடாக்குவதிலும் பின்புறத் துளை வழியாக வெளியேறும் காற்றிலும் போய்விடுகிறது. இதில் எனக்கு வியப்பளித்த எண் வேறொன்று. 200 கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 335 லிட்டர் நீராவி உண்டாகிறது. 6.5 லிட்டர் அறை, தன் கொள்ளளவைப் போல் ஐம்பது மடங்கு ஆவியை அந்த இருபது நிமிடத்துக்குள் வெளியே தள்ளியாக வேண்டும். நான் முதல் நாள் கொட்டிய ஒரு கிலோவுக்கு இது இரண்டு மடங்கு. குவியலின் நடுவில் இருந்த துண்டுகளைக் காற்று எட்டவில்லை, அவற்றிலிருந்து கிளம்பிய ஆவியும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றியது. இட்லிப் பானைக்குள் நடப்பதுதான் கூடையின் நடுவிலும் நடந்திருக்கிறது.

என் மாமியார் கோடையில் மொட்டை மாடியில் வடாம் போடும்போது, கூழ் எத்தனை லிட்டர் என்று பார்ப்பதில்லை. எத்தனை வேட்டி விரிக்க இடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். ஒன்றன் மேல் ஒன்று படாமல் பிழிய வேண்டும், காற்றடிக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது, பாதி காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். ஏர் ஃப்ரையரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த மூன்று விதிகளிலேயே அடங்கிவிடுகிறது. கூடையின் அடிப்பரப்புதான் மாடி. லிட்டர் என்பது மாடிக்கு மேலே எவ்வளவு வானம் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்கிற கணக்கு.

வடையை வைத்தே அளந்து பார்ப்போம். இடைவெளியையும் சேர்த்து ஒரு பருப்பு வடைக்கு 7 சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 21 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கூடையில் நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு வடை வைக்கலாம். அதே 21 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரக் கூடையில் ஒன்பது. சதுரக் கூடையின் ஆழம் 10 சென்டிமீட்டர், வட்டக் கூடையின் ஆழம் 12.7 சென்டிமீட்டர் என்றால் இரண்டின் கொள்ளளவும் 4.4 லிட்டர்தான், பெட்டியில் ஒரே எண்ணைத்தான் அச்சிடுவார்கள். பெரிய கருவி வாங்குகிறவர் கடைக்கு ஒரு அளவு நாடாவை எடுத்துச் சென்று, கூடையின் வாயை அளக்காமல் அடியை அளப்பது நல்லது, ஏனெனில் பல கூடைகள் கீழே போகப் போகச் சரிந்து குறுகுகின்றன. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 25 சென்டிமீட்டர் சதுர அடிப்பரப்பு இருந்தால் போதுமானது என்பது என் அனுபவம்.

அதைவிடப் பெரியவற்றில் இரண்டு வகை உண்டு. 28 சென்டிமீட்டர் சதுர அடி கொண்ட ஒற்றைக் கூடையில் பதினாறு வடை வைக்கலாம். அதே இடத்தை 14 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கூடைகளாகப் பிரித்த கருவியிலும் எட்டும் எட்டுமாகப் பதினாறு வைக்கலாம், ஒரு பக்கம் மீனும் மறுபக்கம் வாழைக்காயும் வெவ்வேறு சூட்டில் வைக்கிற வசதியும் அதில் உண்டு. ஆனால் முழுக் கோழி அந்தக் குறுகிய கூடைக்குள் நுழையாது. கதவு வைத்த, இரண்டு மூன்று தட்டுகள் அடுக்குகிற ஓவன் வடிவக் கருவிகள் 10 லிட்டருக்கு மேல் கிடைக்கின்றன. அவற்றில் மேல் தட்டு சுருளுக்கு அருகில் இருப்பதால் முதலில் சிவந்துவிடும், தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு மாற்றப் பொறுமை இல்லாதவர் அதை வாங்குவதில் பொருளில்லை.

கூடை பெரிதாகும் அளவுக்கு மின்சுருளின் சக்தி பெரிதாவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 21 சென்டிமீட்டர் சதுரக் கூடைக்கு 1,400 வாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3.2 வாட் கிடைக்கிறது. 28 சென்டிமீட்டர் கூடைக்கு 1,800 வாட் என்றால் 2.3 வாட்தான். பெரிய கருவி நிறைந்திருக்கும்போது சற்றுக் கூடுதல் நேரம் கேட்பது இதனால்தான். அதேசமயம் வாட் கூடக்கூட வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டையும் பார்த்தாக வேண்டும். நம் வீடுகளில் உள்ள சாதாரணப் பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,380 வாட். 1,700 வாட் கருவி 7.4 ஆம்பியர் இழுக்கும். ஆகவே கிரைண்டரும் மிக்ஸியும் மாட்டுகிற இடம் இதற்கு ஆகாது. கீசருக்கு வைப்பதைப் போன்ற 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். பெரிய பிளக்கைச் சின்னத் துளையில் நுழைக்க உதவும் மாற்றுப் பிளக் ஒன்றை மாட்டி மூன்று வாரம் ஓட்டினேன். ஒரு நாள் பிளாஸ்டிக் கருகிய வாடை வந்தபோது, கிழங்குதான் தீய்கிறது என்று நினைத்துக் கூடையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருகியது சுவரில் இருந்த பாயின்ட். நீட்டிப்புப் பெட்டியில் மாட்டுவதும் இதே ஆபத்துதான். மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை: 1,500 வாட் கருவி 20 நிமிடம் இடைவிடாமல் ஓடினாலும் அரை யூனிட்தான், நடுவில் சுருள் அணைந்து எரிவதால் உண்மையில் அதிலும் குறையும்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதும் காற்றின் குணத்திலிருந்தே வருகிறது. பஜ்ஜி மாவு எண்ணெயில் விழுந்த நொடியே எல்லாப் பக்கமும் சூடு பட்டு இறுகிவிடுகிறது. காற்றில் அது இறுகுவதற்குள் வழிந்து, துளைகளின் வழியே கீழ்த்தட்டில் சொட்டிவிடும். கெட்டியாக அரைத்த பருப்பு வடை நன்றாக வரும். உளுந்து வடை உருவத்தில் வடையாகவும் வாயில் ரொட்டியாகவும் வரும். அதை எண்ணெயிலேயே சுடுவதுதான் உளுந்துக்குச் செய்யும் மரியாதை. வாழைக்காய், சேனை, கோவைக்காய், வஞ்சிரம், காலிஃபிளவர் எல்லாம் இதற்கு ஏற்றவை. அப்பளத்துக்கு எண்ணெய் தொட்டு வைத்தால் பொரியும், ஆனால் அதன் மேல் ஒரு கம்பித் தட்டைக் கவிழ்க்காவிட்டால் விசிறிக் காற்றில் பறந்து சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கக்கூடும். கறிவேப்பிலையும், காலியாக உள்ள கூடையில் விரித்த பேக்கிங் தாளும் இதே போல் பறப்பவை. விளம்பரங்களில் உறைந்த உருளைக்கிழங்கு வறுவலைக் காட்டுகிறார்களே, அது ஆலையிலேயே ஒருமுறை எண்ணெயில் பொரித்து எடுக்கப்பட்டது; அது நன்றாக வருவதில் கருவியின் திறமை பாதிதான்.

எண்ணெயே வேண்டாம் என்பதும் மிகை. அரைக் கிலோ கிழங்குக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் பிசறினால், மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்களை அது நிரப்பி வெப்பத்தைச் சீராகக் கடத்துகிறது, நிறமும் சமமாக ஏறுகிறது, மிளகாய்த்தூளும் கருகாமல் ஒட்டிக்கொள்கிறது. வெட்டிய கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகு எண்ணெய் பிசறுவது இரண்டு வகையில் பயன்படுகிறது. மேலே உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கழுவப்படுவதால் துண்டுகள் ஒட்டாமல் வேகின்றன. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாவதும் குறைகிறது. மாவுச்சத்துள்ள உணவு 120 டிகிரிக்கு மேல் சூடாகும்போது இந்தப் பொருள் தோன்றுவதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் கண்டறிந்தார்கள். ஏர் ஃப்ரையரில் செய்தால் அது வராது என்று எண்ணிவிடக் கூடாது. சூடும் நேரமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், பழுப்பு நிறம் வரை விடக் கூடாது.

கருவியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், பின்புறம் வழியாகத்தான் அந்த முந்நூறு லிட்டர் ஆவியும் வெளியேறுகிறது. ஒட்டாத பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். 200 டிகிரியோடு நிற்கும் கருவியில் அந்தச் சூடு சாதாரணமாக வருவதில்லை என்றாலும், வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் அவற்றின் கூண்டைச் சமையலறையில் வைக்காமல் இருப்பது நல்லது, அந்தப் புகை பறவைகளின் நுரையீரலுக்கு நஞ்சு. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். மாதம் ஒருமுறை, முழுதும் ஆறிய பிறகு கருவியைத் தலைகீழாகப் பிடித்து, சுருளில் தெறித்து உறைந்திருக்கும் எண்ணெயை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். புகை வருகிறது என்கிற புகார்களில் பல அந்தப் பிசுக்கினால் வருபவை.

இப்போதும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கிழங்குதான், ஆனால் இரண்டு ஈடாக. முதல் ஈடு 180 டிகிரியில் 16 நிமிடம், எட்டாம் நிமிடத்தில் ஒரு குலுக்கல். அதை ஒரு தட்டில் பரப்பிவிட்டு இரண்டாவது ஈடு. அது முடிந்ததும் இரண்டையும் ஒன்றாகவே கூடையில் கொட்டி, 200 டிகிரியில் மூன்று நிமிடம் விடுகிறேன். போக வேண்டிய நீர் ஏற்கெனவே போய்விட்டதால், இந்த முறை விளிம்பு வரை நிரப்பினாலும் கிழங்கு அவிவதில்லை.