கூடு பாய்தல்: சொல் விளக்கம்

ஒருவருடைய மனத்தை நினைவுகளோடு உருவி இன்னோர் உடம்பில் ஏற்றிவிடும் அறிவியல் புனைகதைகள் இப்போது தமிழ் டப்பிங்கிலும் கிடைக்கின்றன. மைண்ட் டிரான்ஸ்ஃபர் என்பதற்கு ‘மனமாற்றம்’ என்று வசனம் எழுதினால் வில்லன் திருந்திவிட்டான் என்று ஆகிவிடும். ‘மனப் பரிமாற்றம்’ என்றால் இரண்டு பேர் கொடுத்து வாங்க வேண்டும். ‘மனப்பெயர்ச்சி’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலங்குடியும் திருநள்ளாறும் இருக்கிற டெல்டாவில் பெயர்ச்சி என்றாலே என்ன ராசி என்று கேட்பார்கள்.

இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: கூடுவிட்டுக் கூடு பாய்தல். சுருக்கினால் கூடு பாய்தல். கட்சி தாவுகிறவர்களைக் கிண்டல் செய்தே அதைத் தேய்த்துவிட்டோம்.

வடமொழியில் இது பரகாயப் பிரவேசம். பர என்றால் பிற, காயம் உடல், பிரவேசம் புகுதல். கிரகப் பிரவேசத்தைப் ‘புதுமனை புகுவிழா’ என்று பத்திரிகை அடிக்கிறோமே, அதே கணக்கில் இது ‘பிறவுடல் புகுதல்’. சித்திகளை வரிசையாக அடுக்கும் தாயுமானவரும் ‘மற்றொரு சரீரத்தினும் புகுதலாம்’ என்று பாதி வடமொழி, பாதி தமிழாகத்தான் பாடுகிறார்.

‘கூடு’ சாதாரணச் சொல் அல்ல. ‘குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே’ என்று உடம்பை விட்டு உயிர் போவதைச் சொல்கிறது குறள் 338. குடம்பை என்றால் கூடு என்று சிலர் உரை சொன்னார்கள். பரிமேலழகர் ஒப்பவில்லை. முட்டை என்பதே சரி என்கிறார். காரணம், கூடு பறவையோடு சேர்ந்து பிறப்பதில்லை. பறவை திரும்ப வந்து அதில் புகவும் செய்யும். ஆகவே உடம்புக்கு அது உவமையாகாது. சாவைப் பற்றிய குறளுக்கு அவர் வாதம் பொருந்துகிறது. ஆனால் அவர் குறையாகச் சொன்ன இரண்டும்தான் நம் கதைக்கு வேண்டியவை: கூடவே பிறக்காத உடம்பு, மறுபடி புகக்கூடிய உடம்பு. கூடு என்று பேர் வைத்தவர் விவரமானவர்.

சரி, ‘பாய்தல்’? சேக்கிழாரிடம் போக வேண்டும். பொதிகைக்குக் கிளம்பிய யோகி ஒருவர், திருவாவடுதுறையை விட்டுப் போகும் வழியில் காவிரிக்கரையில் பசுக்கள் கதறுவதைப் பார்க்கிறார். மேய்ப்பவன், சாத்தனூர் மூலன், செத்துக் கிடக்கிறான். பசுக்களுக்காக இரங்கிய யோகி, தம் உடம்பைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, ‘அவனுடலில் தம்முயிரைப் பாய்த்தினார்’. மூலனாக எழுந்தவரைப் பசுக்கள் ‘நாத்தழும்ப’ நக்குகின்றன. அதற்குப் பிறகு நடப்பது சுத்தமான திரில்லர். மூலன் மனைவி கிட்ட வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். விடிந்ததும் அவள் ஊரைக் கூட்டி முறையிடுகிறாள். ஊரார் போய்ப் பார்த்துவிட்டு, இது பழைய மூலன் அல்ல, யோகி என்று முடிவுகட்டுகிறார்கள். அப்புறம் இவர் திரும்பிப் போய்த் தேடினால், வைத்த இடத்தில் உடம்பைக் காணோம்! ஆகமப் பொருளைத் தமிழில் சொல்லவைக்கச் சிவன் மறைத்துவிட்டான் என்கிறது புராணம். இவர்தான் திருமூலர்.

காவிரிப் பாசனத்தில் வாழ்கிறவர்களுக்குப் ‘பாய்’ என்ற வினையை விளக்க வேண்டியதில்லை. மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் மேல்வயலில் இருக்காது. ஆகவே ஒரே ஆள் இங்கிருந்து அங்கே போகிற கதைக்கு மட்டும் கூடு பாய்தல் பொருந்தும்.

நிறைய புனைகதைகளில் நடப்பதோ வேறு. மூளையை வருடி எடுத்த தகவலைப் புது உடம்பில் எழுதுகிறார்கள்; பழையவரும் உயிரோடு இருந்தால் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். நிஜ அறிவியல் கனவு காண்பதும் இதைத்தான். வளர்ந்த பழ ஈ ஒன்றின் முழு மூளை, சுமார் 1,39,000 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடமாக 2024இல் வெளியானது. மனித மூளையில் அவை ஏறத்தாழ 8,600 கோடி. வரைபடம் கிடைத்தாலும் அதிலிருந்து ஓர் ஈயை எழுப்பிவிட முடியாது என்பது தனிக் கதை.

இந்த வகைக்கு நான் சொல்வது ‘மனப்படி’. உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்ட திருவாவடுதுறை மடத்தில் புழங்கிய சொல்தான் படியெடுத்தல்: ஓலையைப் பார்த்து இன்னோர் ஓலையில் எழுதுவது. மூல ஓலையும் இருக்கும், படியும் இருக்கும். கைதவறி ஓரெழுத்து மாறினால் பாடபேதம் வரும். மனப்படியில் பாடபேதம் வந்தால், இரண்டில் எது சரியான பாடம் என்று மூலன் மனைவியைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.