ஜீப்பில் அகல லைட் மாட்டும் முன்

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று, போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கு வந்தது. ஓட்டும் தம்பி இறங்கினதும் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, லைட் மாட்டுனதுக்கு அப்புறம்தான் ரோடு தெரியலண்ணே. மேகம் எறங்குனா முன்னாடி வெள்ளச் சீலையக் கட்டி விட்ட மாதிரி இருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். மேலே கேரியரில் முக்கால் ஜீப் அகலத்துக்கு ஒரு எல்இடி பார், வெளிச்சத்தை அகலமாக விரிக்கும் ஃப்ளட் சாதி. வரிசையாக 42 பல்பு. ஆன்லைனில் வாங்கி அவரே மாட்டியது. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினால் கல்லும் சேறுமாகத் தோட்டத்துப் பாதை. விடிவதற்கு முன்னால் அங்கே வண்டி ஓட்டுகிறவர் வெளிச்சம் தேடுவதில் தப்பே இல்லை. எந்த வெளிச்சம், எங்கே என்பதில்தான் சறுக்கிவிட்டார்.

லைட்டில் ஸ்பாட், ஃப்ளட் என்று இரண்டு சாதி. ஸ்பாட் பத்துப் பதினைந்து டிகிரியில் ஊசி மாதிரி தூரம் போகும். ஃப்ளட் 60 டிகிரிக்கு மேல் விரிந்து பக்கத்திலேயே பரவிவிடும். சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி லைட் சுவரில் இரண்டே முக்கால் மீட்டர் அகலத்துக்கு விழும். 90 டிகிரி லைட் 10 மீட்டருக்கு. உள்ளே இருக்கும் வெளிச்சம் அதேதான், மாவை மெல்லிசாகத் தேய்த்த மாதிரி. அதனால் ஃப்ளட் உருப்படியாகக் காட்டுவது 15, 20 மீட்டர்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வளைவில் உள்பக்கக் கால்வாய், முதல் கியரில் ஏறும்போது டயர் ஓரத்துக் கல், ரிவர்ஸ் எடுக்கும்போது பள்ளம், இதற்கெல்லாம் ஃப்ளட் தங்கம். வேகமாக ஓட்டுவதற்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கடையில் யாரும் சொல்வதில்லை. வண்டி மூக்குக்கு முன்னால் தரை பளீரென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். அப்புறம் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் கூடக் கூடப் பார்வை குறைவது இப்படித்தான். பலருக்கு இது நம்பவே முடியாது. இரண்டு லைட்டில் ஒன்றை அணைத்துக் காட்டினால்தான் ஒத்துக்கொள்வார்கள்.

மேகம் இறங்கும் பாதையில் உயரம்தான் எல்லாம். கேரியரில் லைட் இருந்தால் அது உங்கள் கண்ணுக்கும் மேலே, கண்ணோடு ஒட்டி நிற்கிறது. பனித்துளியில் பட்டு வெளிச்சம் நேரே கண்ணுக்குத் திரும்பும். தம்பி சொன்ன வெள்ளைச் சீலை அதுதான். போதாக்குறைக்கு பானட்டில் வேறு பட்டுத் தெறிக்கும். அதே ஃப்ளட்டை பம்பருக்குக் கீழே இறக்கி, மூக்கைக் கொஞ்சம் தரைப்பக்கம் சாய்த்தால் பனிக்கு அடியில் ரோடு தெரியும்.

மஞ்சள் லைட் பனியைத் துளைக்கும் என்பார்கள். அப்படி இல்லை. பனித்துளி பெரிது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால் 6,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) நீலவெள்ளை கண்ணை உறுத்துகிற மாதிரி 3,000 கெல்வின் மஞ்சள் உறுத்தாது. மலைவண்டிக்கு நான் மஞ்சளைத்தான் மாட்டுகிறேன்.

அடுத்து வாட். அந்த பார் லைட் அட்டையில் 126 வாட் என்று போட்டிருந்தது. 42 பல்பு, ஆளுக்கு மூன்று வாட், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. வண்டியை ஸ்டார்ட் செய்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். 13.8 வோல்ட்டில் 3 ஆம்பியர். பெருக்கினால் 41 வாட். தம்பி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே வாங்கும்போது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேளுங்கள். பின்பக்கம் அலுமினியத் தகடு கனமாக, வரிவரியாக இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பாருங்கள். சூடு வெளியே போகாத எல்இடி பத்தே நிமிஷத்தில் மங்க ஆரம்பிக்கும். ஐபி என்பது தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்ற குறி. ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வாட்டர் சர்வீஸில் பம்பை வைத்துப் பீய்ச்சுவது வேறு விஷயம். அதற்கு ஐபி69கே என்று தனியாக இருக்கிறது. லைட் போட்டதும் எஃப்எம் ரேடியோ இரைந்தால் லைட்டுக்கு உள்ளே கரண்டைச் சீராக்கும் 'டிரைவர்' சர்க்யூட் மட்டமானது என்று அர்த்தம். நான் முதலில் பார்ப்பதே இதைத்தான், சிரிக்காதீர்கள்.

டேஷ்போர்டைக் கழற்றினால் கருகின வாடை. பார் லைட்டுக்கு ஹெட்லைட் ஹைபீம் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார். பழைய ஜீப், ரிலே கிடையாது. ரிலே என்பது சுவிட்சின் சின்னக் கரண்டை வைத்து லைட்டின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி. ஹெட்லைட்டின் இரண்டு 60 வாட் பல்புக்கே 10 ஆம்பியர் அந்தச் சுவிட்ச் வழியாகப் போகிறது. மேலே இன்னும் 3. சுவிட்சின் அடிப்பக்கம் வெல்லப்பாகு மாதிரி உருகி, ஒரு டெர்மினல் சாய்ந்து நின்றது. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தால், நடுவளைவில் ஹெட்லைட்டும் சேர்ந்து போயிருக்கும். உள்ளே பதினைந்து பேர்.

ஒழுங்கான வயரிங் பெரிய வித்தை இல்லை. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ். அங்கிருந்து ரிலேயில் 30 என்று போட்டிருக்கும் காலுக்கு, 87-லிருந்து லைட்டுக்கு. 86-க்குச் சுவிட்ச், 85 எர்த், அதாவது வண்டியின் இரும்பு பாடி. இரண்டு லைட் சேர்ந்து 6 ஆம்பியர் இழுத்தால் 10 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் தாராளம். ஃப்யூஸ் போனால் பெரிய ஃப்யூஸ் போடுகிறவர்கள் தயவுசெய்து என் பட்டறைக்கு வர வேண்டாம். லைட்டின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டி இரும்பில் இறுக்குங்கள்.

ரோட்டுச் சட்டமும் இருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுவதற்குப் பதிவு அதிகாரியின் முன் அனுமதி கேட்கிறது. அபராதத்தை விடுங்கள். எதிரே பைக்கில் வருகிறவருக்கு வளைவில் மூன்று நொடி கண் அவிந்தால் அவர் எங்கே போவார்? தார் ரோட்டில் ஃப்ளட்டை அணைத்து, மூடி போட்டு ஓட்டுங்கள்.

தம்பி வண்டியில் இப்போது பம்பருக்கு அடியில் இரண்டு சின்ன மஞ்சள் ஃப்ளட், பின்னால் ரிவர்ஸுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே. அந்த பார் லைட்டைத் திரும்ப எடுத்துப்போக அவருக்கு மனசில்லை. என் பட்டறைக் கூரையில் பழைய பேட்டரி ஒன்றில் எரிகிறது. ராத்திரி கரண்ட் போனால் பட்டறையில் நிற்கும் இரண்டு வண்டிக்கும் சேர்த்து வெளிச்சம் விழுகிறது.