சோற்றைக் குறைச்சாச்சு, எடை ஏன் குறையல?

மதுரையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எடை குறைக்க வருபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "சோறே சாப்பிடறதில்ல மேடம், ஆனாலும் குறைய மாட்டேங்குது." அவர்கள் பொய் சொல்வதில்லை. சோற்றை உண்மையிலேயே குறைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் இருப்பது சோறு மட்டும்தான். டீ, பிஸ்கட், பிள்ளை மிச்சம் வைத்த தோசை, சீரியல் பார்த்துக்கொண்டே கொறித்த மிக்சர், தாளிக்க ஊற்றிய எண்ணெய் எதுவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. எடை ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

"வழக்கமா என்ன சாப்பிடுவீங்க?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "எல்லாரும் சாப்பிடறதுதான்" என்று பதில் வரும். அதற்குப் பதிலாக, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டதை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது நடந்த பேச்சு இது.

"காலையில ஒரு காபிம்மா. அப்புறம் பத்து மணிக்கு ரெண்டே ரெண்டு இட்லி."

"நடுவுல ஒண்ணும் இல்லையாம்மா?"

"ஒண்ணும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "பேரன் முக்கால் தோசைய அப்படியே வச்சுட்டு ஸ்கூல் வேன்ல ஏறிட்டான். நெய் ஊத்தின தோசை, கொட்ட மனசு வரல."

மதியம் ஒரு கரண்டிச் சோறுதான். நான்கு மணிக்கு டீ, கூடவே ரெண்டு ரஸ்க். ஆறரைக்கு விருந்தாளி வந்ததால் அவர்களோடு இன்னொரு டீ, ஒரு கைப்பிடி மிக்சர். ராத்திரி? "சோறெல்லாம் தொடறதே இல்ல. வெறும் மூணு தோசை, தேங்காய்ச் சட்னி. படுக்கும்போது ஒரு டம்ளர் பால்."

இரவுக்கு வருவோம். எண்ணெய் விட்டுச் சுட்ட வீட்டுத் தோசை ஒன்று சுமார் 150 கலோரி. மூன்று தோசையும் சட்னியும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். மதியம் அவர் பயந்து பயந்து சாப்பிட்டது ஒரு கப் சோறு, அது 200 கலோரி. சாம்பார், பொரியல், மோர் எல்லாம் சேர்த்தாலும் 350-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். நம் ஊரில் இரவு டிபன் என்றாலே லேசான சாப்பாடு என்று ஒரு நினைப்பு. தோசையும் அரிசிதான், அதில் உளுந்து சேருகிறது, கூடவே எண்ணெயும் சேருகிறது. இட்லியில் எண்ணெய் இல்லை, அதனால் இட்லி பரவாயில்லை. பூரி, ஊத்தப்பம், ரவா தோசையை எல்லாம் டிபன் என்று ஒரே பட்டியலில் வைத்து மனதைத் தேற்றிக்கொள்வதில்தான் சிக்கல். பரோட்டா சால்னாவைப் பற்றி மதுரைக்காரர்களிடம் நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அது ஏறும் என்று தெரிந்தேதான் சாப்பிடுகிறார்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது எண்ணெயைப் பற்றி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. "எண்ணெய் அதிகமா சேர்க்கறதே இல்ல" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அதனால் நான் கேட்பது வேறு: மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர்? நான்கு பேர் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் தீர்ந்தால், தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம். அதுவே 270 கலோரி. இதில் நெய், தேங்காய், கடையில் வாங்கும் வடை பஜ்ஜி எதுவும் சேரவில்லை. தலைக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். மாத ஆரம்பத்தில் அந்த அளவை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். சமையலறையில் ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்றுவது இரண்டு நாளுக்கு மேல் யாருக்கும் ஓடாது.

இன்னொன்று, செக்கு எண்ணெய். மணமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரிதான். "செக்கு எண்ணெய்தானே" என்று கூடுதலாக ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டிக்கும் இதே கதைதான். காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையாது, 60 கலோரி உள்ளே போகும், அவ்வளவுதான். சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இரண்டு ஸ்பூன் போட்டு நான்கு டீ குடிப்பவர் டீயிலேயே 40 கிராமைத் தொட்டுவிடுகிறார். டீயை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், நானே கேட்கமாட்டேன். சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்குங்கள், இரண்டு வாரத்தில் அதுவே போதும் என்று நாக்கு பழகிவிடும். கடை டீ என்றால் சர்க்கரை கம்மி என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சரி, சோற்றுக்கு வருவோம். சோறு எதிரி இல்லை, ஆனால் நாம் சாப்பிடும் முறையில் அது மூன்று தடவை வருகிறது. சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் "கொஞ்சூண்டு"தான். மூன்று கொஞ்சூண்டும் சேர்ந்தால் தட்டில் மலை. பொரியலோ ஊறுகாய் மாதிரி ஓரத்தில் ஒரு ஸ்பூன் உட்கார்ந்திருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் சுமார் 250 கிராம், காயும் கீரையும் சேர்த்து 400 கிராம் என்று இருக்கிறது. சமைப்பதற்கு முந்தைய எடை இது. நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரியவந்தது.

நான் சொல்லித்தரும் முறை இது. சோறு ஒரே தடவை, ஒரு கப். அதைக் குழம்போ சாம்பாரோ ஊற்றிச் சாப்பிட்டுவிடுங்கள். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் டம்ளரில். ருசி எதையும் இழக்க வேண்டாம், இரண்டு ரவுண்டு சோறு மட்டும் போகிறது. உட்கார்ந்ததும் முதலில் ஒரு கப் பொரியலோ கூட்டோ சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். புடலை, பீர்க்கை, சுரை, வெண்டை, கோஸ், முருங்கைக்கீரை, அன்று சந்தையில் எது மலிவோ அது. உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் சேராது. அதுவும் மாவுச்சத்துதான், போதாக்குறைக்கு எண்ணெய் வேறு.

"அப்போ சோத்துக்குப் பதிலா சிறுதானியம் சாப்பிடலாமா?" சாப்பிடலாம். ஆனால் கம்பு, தினை, வரகு, கேழ்வரகு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய அரிசி அளவுக்கே கலோரி இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், பசி சீக்கிரம் எடுக்காது, அந்த லாபம் உண்டு. நெய்யும் முந்திரியும் போட்டு வரகுப் பொங்கல் வைத்து வயிறு நிறையச் சாப்பிட்டால் அந்த லாபமும் போய்விடும். கொள்ளும் இப்படித்தான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்லிவைத்ததில் அர்த்தம் இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம், நல்ல நார்ச்சத்து. வழக்கமான சாப்பாட்டைக் கொஞ்சமும் குறைக்காமல் மேலே ஒரு டம்ளர் கொள்ளு ரசம் குடித்துவிட்டு எடை குறையவில்லை என்றால், கொள்ளு என்ன செய்யும்?

புரதத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. தினமும் சாம்பார் வைக்கிறோம், அதுவே போதும் என்று. சாம்பாரில் காய் மிதக்கும், பருப்பு கரைந்து கிடக்கும். ஒரு கப்பில் கிடைக்கும் புரதம் சில கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம். புரதம் குறைவாக, சாப்பாடும் குறைவாக இருந்தால் குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகும். அப்புறம் பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் எடை முன்னைவிட வேகமாக ஏறும். இப்போது எடைக் குறைப்பு ஊசிகள் வந்திருக்கின்றன, டாக்டர் எழுதித் தந்து போட்டுக்கொள்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். பசியே இல்லை என்று இரண்டு இட்லியோடு நாளை ஓட்டுபவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது புரதத்தைத்தான். மாலையில் மிக்சருக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு என்று மாற்றி மாற்றி. அசைவம் சாப்பிடுபவர்கள் மீனைக் குழம்பாக வைத்தால் நல்லது, பொரித்தால் எண்ணெய்க் கணக்கு ஏறும்.

கடை வைத்திருப்பவர்கள் நிலைமை வேறு. ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வரப் பத்தரை ஆகும், அப்போதுதான் அன்றைய பெரிய சாப்பாடே. ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு டப்பா சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ, ஒரு பழமோ சாப்பிட்டுவிட்டால், பத்தரைக்கு அகோரப் பசியோடு தட்டில் உட்கார மாட்டார்கள். இரண்டு இட்லியோடு எழுந்துவிட முடியும். மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் இதை மட்டும்தான் மாற்றினார், மூன்று மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது.

பெல்ட்டைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. "என் இடுப்பு 34தான், பேன்ட் சைஸ் மாறவே இல்ல" என்பார்கள். பேன்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். தையற்கடை டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். உயரத்துக்கும் எடைக்கும் போடும் பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல்பருமன். வெள்ளைக்காரர்களுக்கு வைத்த வரம்பைவிட இது குறைவு. காரணம் நம் உடல்வாகு. கை கால் ஒல்லியாக இருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கும். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே ஒப்பிட்டு 2004-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். வரம்பை 23 என்று வைத்துப் பார்த்தால் இன்னும் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நடைப்பயிற்சி நல்லது, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் எடையை அது தனியாகக் குறைத்துவிடும் என்று நம்பாதீர்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 150 கலோரிக்குள்தான் செலவாகும். ரேஸ்கோர்ஸில் நடந்து முடித்துவிட்டு நண்பர்களோடு கடையில் ஒரு வடை, ஒரு டீ என்றால் செலவழித்ததைவிட வரவு அதிகம். நடப்பதோடு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். தொடைத் தசைக்கு அது போதுமான தொடக்கம். மூட்டுவலி இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"ஏழு நாளில் ஐந்து கிலோ" விளம்பரங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் முதல் வாரம் முள் வேகமாக இறங்கும், அதில் பெரும்பகுதி தண்ணீர். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். தினமும் எடை பார்த்துக் கவலைப்பட வேண்டாம், வாரம் ஒரு நாள், காலையில், ஒரே மெஷினில் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போகும் டயட்டை நீங்களாக எடுக்கக் கூடாது.

தைராய்டு மேல் பழி போடுவதும் வழக்கமாகிவிட்டது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய நீர்க்கோப்பு. மாத்திரை சரியாகப் போய், ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால், மீதி எடைக்குச் சாப்பாட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காரணமே இல்லாமல் எடை வேகமாக ஏறினாலோ, மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலோ, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள், டயட் அப்புறம். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். மருந்து பழைய அளவிலேயே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.